கோடை நான்கு வாரம்

(சௌல்தாரியில் நடந்த உறுப்பினர் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

இந்தத் தீவுகளில் தண்டவாளம் கிடையாது. ரயில்வே குமாஸ்தாக்களுக்கு இங்கே என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். எங்கள் வேலை படிவம், பதிவேடு, முத்திரை. ஒரு தாளில் ஒரு வரி விட்டுப்போனால் ஒரு குடும்பத்தின் பென்ஷன் எத்தனை ஆண்டு இழுக்கும் என்பதைக் கண்ணால் கண்டு வருகிறோம். அந்த அனுபவத்தை மூட்டை கட்டிக்கொண்டுதான் மூன்று நாள் கடல் தாண்டி வந்திருக்கிறோம். இன்றைக்குப் பேச எடுத்துக்கொண்டதும் ஒரு படிவத்தைப் பற்றித்தான். சட்டம் படிக்கும் நம் பிள்ளைகள் கோடை விடுமுறையில் பொதுநல வழக்குப் பயிற்சிக்கு விண்ணப்பிப்பது எப்படி, ஏன் விண்ணப்பிக்க வேண்டும், அவர்களை அனுப்ப நாம் என்ன செய்ய வேண்டும் என்பதே பொருள்.

"மண்வெட்டி பிடிக்கிறவன் வீட்டுக்கு இது எதற்கு?" என்று நினைக்கும் பெரியவர்கள் இங்கே இருப்பார்கள். அவர்களுக்கே முதலில் பதில் சொல்வோம்.

1982இல் டெல்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. அதற்கான அரங்குகளையும் மேம்பாலங்களையும் கட்டியவர்கள் வெளி மாநிலங்களிலிருந்து அழைத்து வரப்பட்ட கூலிகள். அன்று அவர்களுக்குச் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி நாளொன்றுக்கு 9 ரூபாய் 25 காசு. கைக்கு வந்ததோ 8 ரூபாய் 25 காசு. நடுவில் ஒரு ரூபாய் ஜமாதாரின் கமிஷனாகப் போயிற்று. மூன்று சமூக அறிவியலாளர்கள் வேலைத் தளங்களுக்குப் போய் விசாரித்து அறிக்கை எழுதினார்கள். அந்த அறிக்கையோடு மக்கள் ஜனநாயக உரிமைச் சங்கம் நீதிபதி பகவதிக்கு ஒரு கடிதம் அனுப்பியது. கடிதமே மனுவாயிற்று. 1982 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே ஒருவனிடம் வேலை வாங்கினால் அது அரசியல் சட்டத்தின் 23ஆவது பிரிவு தடை செய்த கட்டாய உழைப்பே ஆகும்.

தோழர்களே, இந்தத் தீர்ப்பின் வேர் எங்கே இருக்கிறது? நீதிமன்ற மண்டபத்தில் இல்லை. சிமெண்டுத் தூசியில் நின்றுகொண்டு, "அம்மா, நேற்று உன் கையில் எவ்வளவு கொடுத்தான்?" என்று கேட்டு எழுதிக்கொண்ட அந்த நோட்டுப் புத்தகத்தில் இருக்கிறது. அந்த ஒரு ரூபாயைக் கண்டுபிடிக்காமல் பெரிய வக்கீல் எவராலும் எதுவும் செய்திருக்க முடியாது.

அதே 1982 செப்டம்பரில், தமிழ்நாட்டிலிருந்து கொண்டுபோகப்பட்ட நம் கூலிகள் மத்தியப் பிரதேசம் ராய்சேனில் கல் குவாரிகளில் கொத்தடிமைகளாக வதைபடுவதை ஒரு பத்திரிகை வெளியிட்டது. முகேஷ் அத்வானி என்ற வழக்கறிஞர் அந்தச் செய்தித் துணுக்கைக் கடிதத்தோடு இணைத்து உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பினார். அதுவும் வழக்காயிற்று. 1985இல் தீர்ப்பு வந்தது. நம் ஆட்களுக்காகக் கடிதம் எழுதியவர் நம் ஊர்க்காரர் அல்ல, நம் மொழி பேசுபவரும் அல்ல. அவருக்கு நாம் என்றும் நன்றி உடையவர்கள். ஆனால் நம் கதையை எழுத எப்போதும் வேறொருவர் வரும்வரை காத்திருக்க வேண்டுமா என்பதுதான் கேள்வி.

எங்கள் ரயில்வேயிலும் ஒரு கதை உண்டு. திட்டப் பணிகளில் ஆண்டுக்கணக்கில் தினக்கூலியாக உழைத்துவிட்டு, வேலை முடிந்ததும் வீதிக்கு அனுப்பப்பட்டவர்கள் ஆயிரம் ஆயிரம். இந்தர்பால் யாதவ் வழக்கில் 1985 ஏப்ரலில் வந்த தீர்ப்பினால், 360 நாள் தொடர்ந்து வேலை செய்தவர்களைப் படிப்படியாகச் சேர்த்துக்கொள்ளும் திட்டத்துக்கு வழி பிறந்தது. வேலை செய்த நாட்களைக் காட்டும் அட்டையைப் பத்திரப்படுத்தியவர் உள்ளே வந்தார். மழையில் நனைத்தவர், மேஸ்திரியிடம் கொடுத்துவிட்டு மறந்தவர், வெளியே நின்றார். உழைப்பு இருவருக்கும் ஒன்றுதான். காகிதம்தான் வேறு.

இப்போது உங்கள் தீவுக்கு வருவோம். இங்குள்ள தினக்கூலி மஸ்தூர்களின் சம்பளம், அகவிலைப்படி பற்றிய வழக்கு உங்களில் பலருக்கு மனப்பாடம். ஏற்கெனவே போட்ட உத்தரவு நிறைவேறவில்லை என்ற அவமதிப்பு வழக்கில் கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் போர்ட் பிளேயர் அமர்வு 2023 ஆகஸ்டு 3ஆம் தேதி தலைமைச் செயலாளரைப் பணி இடைநீக்கம் செய்யவும், துணைநிலை ஆளுநர் 5 லட்சம் ரூபாய் செலுத்தவும் உத்தரவிட்டது. மறுநாளே உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்தி வைத்தது. மண்வெட்டி பிடித்தவன் தொடுத்த வழக்கு ஒரே நாளில் நாடு முழுவதும் பேசப்பட்டது. அந்த இரண்டு நாளில் பத்திரிகையில் வந்ததைப் படித்துவிட்டு, "அப்படியென்றால் நமக்குப் பணம் வருமா, வராதா?" என்று வீட்டுக்கு வீடு கேட்டார்கள். "நிறுத்தி வைப்பு" என்றால் என்ன, "தள்ளுபடி" என்றால் என்ன என்று எடுத்துச் சொல்ல ஒவ்வொரு ஊரிலும் ஒரு பிள்ளை இருந்திருந்தால் எவ்வளவு பதற்றம் குறைந்திருக்கும்!

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். நம் மூத்த தொழிற்சங்கத் தலைவர்கள் சட்டப் பிரிவுகளை விரல் நுனியில் வைத்திருந்தார்கள். குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1948, ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் 1970, மாநிலங்களுக்கிடையே இடம்பெயரும் தொழிலாளர் சட்டம் 1979 என்று மேடையில் அடுக்குவார்கள். 2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்தன. இவையெல்லாம் உள்ளிட்ட 29 பழைய மத்தியச் சட்டங்களின் இடத்தை அவை எடுத்துக்கொண்டன. பழைய மனப்பாடம் இனி உதவாது. புதிதாகப் படித்து, நமக்கு இதில் எது போயிற்று, எது மிச்சம் என்று கணக்குச் சொல்லும் தலைமுறை வேண்டும். அந்தத் தலைமுறை இதோ முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறது.

ஆகவே இனி உங்களிடம் பேசுகிறோம், பிள்ளைகளே.

சட்டம் படிக்கிற ஒவ்வொருவரும் பயிற்சி செய்தே ஆக வேண்டும் என்பது இந்திய வழக்கறிஞர் மன்றம் 2008இல் வகுத்த விதி. மூன்றாண்டுப் படிப்பு என்றால் குறைந்தது 12 வாரம். ஐந்தாண்டுப் படிப்பு என்றால் 20 வாரம். ஓர் ஆண்டில் தொடர்ந்து நான்கு வாரத்துக்கு மேல் கூடாது. வழக்கறிஞரிடமும் செய்யலாம், நீதிமன்றத்திலும் செய்யலாம், மக்களுக்காக உழைக்கும் அமைப்புகளிலும் செய்யலாம். விதி எல்லாருக்கும் சமம். ஆனால் விதியை நிறைவேற்றும் வசதி சமமா? டெல்லியில் மாமன் வீடு உள்ள பிள்ளை டெல்லிக்குப் போகிறது. பெரிய வக்கீலின் மகன் அப்பாவின் நண்பரிடம் போகிறான். கூலிக்காரர் வீட்டுப் பிள்ளையோ உள்ளூரில் எவரிடமாவது ஒரு சான்றிதழ் வாங்கிக்கொண்டு, அந்த நான்கு வாரமும் கடையில் வேலைக்கு நிற்கிறது. பட்டம் இருவருக்கும் ஒன்றே. படிப்பு ஒன்றல்ல.

இந்த வேற்றுமையைத் தாண்டத்தான் கோடைப் பயிற்சிகளும் உதவித்தொகைகளும் இருக்கின்றன. தேசிய மனித உரிமை ஆணையம் டெல்லியில் ஆண்டுதோறும் நான்கு வாரக் கோடைப் பயிற்சி நடத்துகிறது, குளிர்காலத்திலும் நடத்துகிறது. ஹியூமன் ரைட்ஸ் லா நெட்வொர்க் போன்ற சட்ட உதவி அமைப்புகள் மாணவர்களைச் சேர்த்துக்கொள்கின்றன. கடல் தாண்ட முடியாதவர்களுக்கும் வழி உண்டு. சட்டப் பணிகள் ஆணையத்தின் சட்டத் தன்னார்வலர் திட்டத்தில் சட்ட மாணவர்கள் சேரலாம். போர்ட் பிளேயரிலேயே, அதாவது 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட நகரத்திலேயே, ஆணையம் இருக்கிறது. பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், தொழிற்சாலைத் தொழிலாளர், காவலில் இருப்போர் ஆகியோருக்கு வருமான வரம்பு பாராமலே இலவசச் சட்ட உதவி உண்டு. அழைக்க வேண்டிய எண் 15100. தாய்மார்கள் இதை அடுப்படிச் சுவரில் எழுதி வையுங்கள்.

மாணவர்கள் போய் என்ன சாதித்துவிடப் போகிறார்கள் என்று கேட்காதீர்கள். 1964 கோடையில் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காகப் போனவர்களில் சட்ட மாணவர்களும் இருந்தார்கள். 2019 அக்டோபரில் பம்பாய் ஆரே காட்டில் மரம் வெட்டுவதை நிறுத்தக் கோரி ரிஷவ் ரஞ்சன் என்ற சட்ட மாணவர் எழுதிய கடிதத்தை உச்ச நீதிமன்றம் வழக்காக எடுத்து, வெட்டுவதை நிறுத்தச் சொன்னது.

இவற்றைவிட நமக்கு நெருக்கமான ஒன்று உண்டு. பசிபிக் கடலில் வனுவாட்டு என்று ஒரு தீவு நாடு. அங்கே தென் பசிபிக் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்த 27 மாணவர்கள் 2019இல் ஒரு வகுப்பில் தொடங்கினார்கள். கடல் ஏறி வருகிறது, அதற்கு எந்த நாடு பொறுப்பு என்று உலக நீதிமன்றத்திடமே கேட்போம் என்றார்கள். அவர்கள் அரசாங்கம் அதைக் கையில் எடுத்தது. 2023 மார்ச்சில் ஐக்கிய நாடுகள் பொதுச் சபை ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. 2025 ஜூலை 23 அன்று ஹேக் நகரில் உலக நீதிமன்றம் தன் கருத்தைச் சொல்லிற்று: பருவநிலையைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை. 2004 சுனாமிக்குப் பிறகு சிப்பிகாட் வயல்களில் உப்புத் தண்ணீர் ஏறி நின்றதைப் பார்த்த உங்களுக்கு இதன் அருமையை நாங்கள் விளக்க வேண்டியதில்லை. தீவுப் பிள்ளைகள் என்றால் சின்னப் பிள்ளைகள் என்று யார் சொன்னது?

சரி, விண்ணப்பத்தை எழுதுவது எப்படி?

முதலில் தேதி. அறிவிப்பு வந்த அன்றே கடைசித் தேதியைச் சுவரில் எழுதுங்கள். தகுதி ஆண்டுக்கு ஆண்டு மாறலாம். அந்த ஆண்டு அறிவிப்பையே படியுங்கள், அண்ணன் சொன்னதை நம்பாதீர்கள். கல்லூரியின் அனுமதிக் கடிதம், மதிப்பெண் பட்டியல், அடையாள அட்டை, ஆசிரியரின் பரிந்துரை ஆகியவற்றைப் பொங்கலுக்கு முன்னாலேயே ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். ஆசிரியரிடம் கடைசி நாள் போய் நின்றால் அவர் எல்லாருக்கும் எழுதும் நான்கு வரியைத்தான் எழுதுவார். பதினைந்து நாள் முன்னதாகப் போய், நீங்கள் செய்த வேலைகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால், உங்களைப் பற்றி எழுதுவார். கணினியில் அனுப்பும்போது கடைசி இரவுவரை காத்திருக்காதீர்கள். தீவில் மழை வந்தால் இணையமும் ஒதுங்கிக்கொள்ளும்.

அடுத்து, "ஏன் விண்ணப்பிக்கிறீர்கள்?" என்ற கட்டுரை. இங்கேதான் நம் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். "சிறு வயது முதலே ஏழைகளுக்குச் சேவை செய்ய வேண்டும் என்பது என் லட்சியம்" என்று தொடங்குகிறார்கள். இதையே நூறு பேர் எழுதுவார்கள். படிப்பவர் அடுத்த தாளுக்குப் போய்விடுவார். நீங்கள் அறிந்ததை எழுதுங்கள். "என் தந்தை தினக்கூலி மஸ்தூர். ஏழாம் வகுப்பிலிருந்து அவருடைய விடுப்புக் கடிதங்களை நான்தான் எழுதுகிறேன். ஒரே வேலையை நிரந்தர ஊழியரும் அவரும் செய்கிறார்கள். சம்பளம் ஏன் வேறு என்ற கேள்வியிலிருந்து நான் சட்டத்துக்கு வந்தேன்" என்று ஒருவர் எழுதினால், அந்தத் தாளை எவரும் கீழே வைக்க மாட்டார். வறுமையை அழுது எழுதாதீர்கள். வறுமையினால் நீங்கள் கற்றுக்கொண்டதை எழுதுங்கள். நம் பிள்ளைகளுக்குத் தமிழும் தெரியும், தெருவில் பழகிய இந்தியும் தெரியும், படித்த ஆங்கிலமும் தெரியும். பீகார்க்காரரிடமும் ராமநாதபுரத்துக்காரரிடமும் ஒரே நாளில் பேசி விவரம் வாங்கக்கூடிய மாணவர் எத்தனை பெரிய கல்லூரியில் கிடைப்பார்? அதைத் தகுதியாக எழுதுங்கள்.

எந்த வேலையைச் செய்ய விரும்புகிறீர்கள் என்பதையும் குறிப்பாகச் சொல்லுங்கள். "சமூக நீதிக்காகப் பாடுபடுவேன்" என்பது நான்கு வாரத்தில் முடிகிற காரியம் அல்ல. "இத்தனை கூலித் தொழிலாளர்களைச் சந்தித்து, கூலிச் சீட்டு தரப்படுகிறதா என்று பதிவு செய்வேன்" என்பது முடிகிற காரியம். ஒரு எச்சரிக்கை: உங்கள் அப்பாவின் வழக்கையே நீங்கள் எடுக்காதீர்கள். வேண்டியவர் விஷயத்தில் கண் மங்கும். வீட்டுக்கும் தொல்லை வரும். அதை வேறொரு தோழனிடம் கொடுங்கள், அவன் வீட்டு விஷயத்தை நீங்கள் பாருங்கள்.

இன்னும் பள்ளியில் இருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. சட்டக் கல்லூரிக்கான அகில இந்திய நுழைவுத் தேர்வுக்கு எளிய வீட்டுப் பிள்ளைகளைத் தயார் செய்வதற்காக ஷம்நாத் பஷீர் என்ற சட்டப் பேராசிரியர் 2010இல் ஐடியா என்ற அமைப்பைத் தொடங்கினார். வசதியுள்ளவர்களே நுழைந்த கதவை நம் போன்றோர்க்கும் திறந்துவிட நினைத்தவர். அவர் 2019இல் மறைந்துவிட்டார். திறந்த கதவு இருக்கிறது. பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

இனிப் பெற்றோரின் மனத்தில் உள்ள மூன்று அச்சங்களைப் பேசிவிடுவோம்.

ஒன்று, பணம். கோடை நான்கு வாரம் பிள்ளை சம்பாதித்துக் கொடுக்கும் காசு பல வீடுகளில் ஜூன் மாதப் பள்ளிக் கட்டணம். இதை நாம் மறைக்கவில்லை. தீவுவாசிகளுக்குக் கப்பலில் கட்டணச் சலுகை உண்டு. உதவித்தொகை கிடைத்தாலும் பெரும்பாலும் முடிவில்தான் கைக்கு வரும், செலவு முதல் நாளே வரும். ஆகவே சங்கம் ஒரு கோடை நிதி வைக்க வேண்டும் என்பது எங்கள் வேண்டுகோள். ஒவ்வொரு குடும்பமும் ஆண்டுக்கு ஒரு நாள் கூலி. அதிலிருந்து போகிற பிள்ளைக்குப் பயணச் செலவு, வீட்டுக்கு அந்த நான்கு வார வருமான இழப்பில் ஒரு பங்கு. வரவும் செலவும் பைசா விடாமல் நம் மாத இதழில் அச்சாக வேண்டும். கணக்கு மறைந்த இடத்தில் சங்கம் நிலைக்காது.

இரண்டு, பெண் பிள்ளையைத் தனியே அனுப்புவது. தாய்மார்களின் கவலை நியாயமானது. டெல்லியில் தமிழ்ச் சங்கம் உண்டு, நம் ரயில்வே தோழர்களின் குடும்பங்களும் உண்டு. தங்குமிடம் உறுதியாகாமல் எந்தப் பிள்ளையையும் அனுப்ப வேண்டாம். ஆனால் உறுதியான பிறகும் "பெண்தானே" என்று தடுக்க வேண்டாம். நம் தாய்மார்கள் கைக்குழந்தையோடு கப்பலின் அடித்தளத்தில் மூன்று நாள் வாந்தி எடுத்துக்கொண்டு முன்பின் தெரியாத இந்தத் தீவுக்கு வந்தார்கள். அவர்கள் பேத்தி சட்டப் புத்தகத்தோடு டெல்லி போகக் கூடாதா?

மூன்று, "படித்தவன் திரும்பி வருவானா?" சிலர் வர மாட்டார்கள். அதற்காக எழுதி வாங்குவது, கட்டுப்பாடு போடுவது எதுவும் வேண்டாம். கொத்தடிமையை எதிர்க்கும் நாம் நம் பிள்ளைக்கே பத்திரம் எழுதலாமா? ஒன்றே ஒன்று கேட்போம். போய் வந்ததும் இதே சௌல்தாரியில் இதே கூட்டத்தில் நின்று, கண்டது என்ன, கற்றது என்ன என்று தமிழில் சொல்ல வேண்டும்.

கடைசியாக ஒரு உண்மையையும் சொல்லியாக வேண்டும். நீதிமன்றம் எல்லாம் வல்லது அல்ல. இலங்கையில் 1948 குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரை நாடற்றவர் ஆக்கியது. கோடாகன் பிள்ளை என்பவர் வாக்காளர் பட்டியலில் தன் பெயருக்காக லண்டன் பிரிவி கவுன்சில் வரை போராடி 1953இல் தோற்றார். 1964 ஒப்பந்தப்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று இரண்டு அரசுகளும் பங்கு பிரித்தன. அப்படித் திரும்பியவர்களில் ஒரு பகுதியினர் இதே தீவுக் கூட்டத்தின் கச்சால் ரப்பர்த் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தார்கள். சட்டமே அநீதியாக இருக்கும்போது வழக்கு மட்டும் காப்பாற்றாது. ஒன்றுபட்ட மக்கள் வேண்டும்.

இன்னொரு பக்கமும் உண்டு. 2002 மே மாதம் அந்தமான் காடுகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. வழக்குத் தொடுத்த அமைப்புகளில் ஒன்றான கல்பவிருட்சம் 1979இல் டெல்லி மாணவர்கள் தொடங்கியது. காடும் ஜாரவா மக்களும் காக்கப்பட வேண்டியது நியாயமே. அவர்கள் நமக்கு முன்னவர்கள், நம் எதிரிகள் அல்லர். ஆனால் ஆக்கிரமிப்பு என்று கணக்கிடப்பட்ட நிலங்களில் இருந்த ஏழைக் குடியேறிகளை அகற்றுவதும் அதே ஆணையில் அடக்கம். காட்டின் கணக்கை எழுதிக்கொண்டு போக ஆள் இருந்தது. அந்தக் குடும்பங்களின் கணக்கை, எப்போது வந்தார்கள், யார் அழைத்து வந்தார்கள், வேறு எங்கே போவார்கள் என்பதை, அதே அளவு தெளிவாக எழுதிக்கொண்டு போக நம்மிடம் எத்தனை பேர் இருந்தார்கள்? நீதிபதி தன் முன்னே வைக்கப்பட்டதைத்தான் படிப்பார்.

ஆகவே தோழர்களே, சங்கமும் வேண்டும், நோட்டுப் புத்தகமும் வேண்டும். இந்த ஆண்டு விண்ணப்பிக்க எண்ணும் பிள்ளைகள் கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இதே இடத்தில் உட்கார்ந்து வரிக்கு வரி சேர்ந்து எழுதுவோம். மை எங்களுடையது, கதை உங்களுடையது. கோடை நிதிக்கான முதல் நாள் கூலியை எங்கள் ரயில்வே தோழர்கள் சார்பில் செயலாளரிடம் இப்போதே கொடுக்கிறோம். ரசீது போடச் சொல்லுங்கள்.